கற்குவளையில் இருப்பது

பிறர் வீட்டு விழாவுக்குச் சென்று, அவர்கள் பரிமாறுவதை வேண்டாமென்று சொல்வது எளிதன்று. மறுப்பதிலே ஒரு செருக்கு ஒளிந்திருக்கக் கூடும். ஏற்பதிலே ஒரு கோழைத்தனம் ஒளிந்திருக்கக் கூடும். பிறந்த மண்ணை விட்டு வந்து, பிற மொழியாளர் நடுவே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய நம் போன்றோருக்கு இஃது ஏட்டுச் சிக்கலன்று. ஆண்டுக்குப் பலமுறை வாயிற்படியில் வந்து நிற்கும் சிக்கல். 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், அது ஒரு கற்குவளையாக எங்கள் முன் வந்து நின்றது.

எர்லாங்கன், பவேரியா மாநிலத்தின் வடபகுதியில், நூரம்பர்க் நகருக்கு அணித்தாக உள்ள பல்கலைக்கழக ஊர். பிரான்சு நாட்டில் சமயக் கொடுமைக்கு ஆளாகி ஓடிவந்த புராட்டஸ்டண்டு மக்களுக்காக, 1686-இல் அங்கே ஒரு புதுநகரை எழுப்பினான் அப்பகுதியை ஆண்ட சிற்றரசன். நேராக ஓடும் தெருக்களும் ஒரே உயரத்து வீடுகளும் இன்றும் அக்கதையைச் சொல்கின்றன. வந்தேறிகள் வாழ்வித்த ஊர் என்று அறிந்ததும் எங்களுக்கு அதன்மேல் ஓர் ஒட்டுதல் ஏற்பட்டது. 1743-இல் பல்கலைக்கழகம் தோன்றியது. மின்னியலில் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் ஓம் விதியைக் கண்ட ஓம் 1789-இல் பிறந்தது இவ்வூரில்தான். கணித மேதை எம்மி நோதர் 1882-இல் பிறந்ததும் இங்கேதான். 1907-இல் முனைவர் பட்டம் பெற்ற பின்னரும், பெண் என்பதால் அவ்வம்மையார் ஆண்டுக்கணக்கில் ஊதியமின்றிப் பணியாற்ற நேர்ந்தது. அறிவுக்குப் பெயர்போன ஊர் அறத்துக்கும் பெயர்போனதாக இருந்தாக வேண்டும் என்பதில்லை போலும்.

ஆயினும் அந்நாட்டார்க்கு எர்லாங்கன் என்றதும் நினைவுக்கு வருவது அங்கு நடக்கும் பீர் விழாவே. 1755-இல், ஊரின் பெந்தெகொஸ்தே சந்தையை அருகிலிருந்த குன்றுக்கு மாற்றினார்கள். அதிலிருந்து வளர்ந்தது இவ்விழா. மணற்பாறையைக் குடைந்து அக்குன்றில் நிலவறைகள் அமைத்திருக்கிறார்கள். குளிரூட்டும் பொறி வராத காலத்தில் கோடையிலும் பீர் கெடாதிருந்தது அவற்றின் குளிர்ச்சியால். அவ்வறைகளின் வாயிலிலேயே, பெருமரங்களின் நிழலில், நீண்ட மேசைகளைப் போட்டு மக்கள் அமர்கிறார்கள். பன்னிரண்டு நாள் கூட்டம். கொரோனாக் கொள்ளைநோயால் 2020, 2021 ஆகிய ஈராண்டுகள் மட்டும் விழா நின்றதை, நம் ஊரில் தேர் நின்ற ஆண்டைச் சொல்வதுபோல் வருத்தத்துடன் சொன்னார்கள்.

எங்கள் மகள் அப்பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறாள். அவளுடைய நெறியாளரான அம்மையார் எங்கள் இருவரையும் குன்றுக்கு அழைத்திருந்தார். மேசையைச் சுற்றி அவருடைய முதிய தாய், கணவர், பள்ளிக்குச் செல்லும் பேரன், மகளின் உடன் ஆய்வாளர்கள். பேரனுக்கு ஒரு வறுத்த மீன். முதியவளுக்கு ஒரு முழு லிட்டர் பீர். அக்காட்சியை முதலில் எங்கள் கண்கள் ஏற்கவில்லை. நாங்கள் குடிப்பதில்லை என்றதும் அம்மையார் காரணம் கேட்கவில்லை, வற்புறுத்தவுமில்லை. சோடா கலந்த ஆப்பிள் சாறு இரண்டு வந்தது. அதுவும் அதே சாம்பல்நிறக் கற்குவளையில். கண்ணாடியாயின் உள்ளிருப்பது தெரியும். கற்குவளை எதையும் காட்டாது. அடுத்த மேசையிலிருந்த முதியவர் ஒருவர், பீர் என்றே எண்ணி, மகிழ்ச்சியோடு தம் குவளையை எங்கள் குவளைமீது மோதினார். நாங்களும் மோதினோம். இல்லை ஐயா, இது வெறும் பழச்சாறு என்று சொல்லியிருக்க வேண்டுமோ? சொல்லவில்லை. குடியாதிருந்தும் குடித்தவர் போலத் தோன்றிய அந்த நொடி எங்களைச் சிறிது உறுத்தியது.

உறுத்தலுக்கு ஆழமான காரணம் ஒன்றுண்டு. எங்கள் குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் குடியால் அழிந்தார். சேலம் மாவட்டத்தில் எங்கள் ஊர். நாட்டிலேயே முன்னோடியாக 1937-இல் இராஜாஜி மதுவிலக்கைக் கொணர்ந்த மாவட்டம் அது. 1971-இல் மதுவிலக்குத் தளர்ந்தபோது அவர் இளைஞர். அந்தி மயங்கியதும் வெளியே போவார். வெற்றிலையை மென்றுகொண்டே திரும்புவார். யார் முகத்தையும் பாராமல் திண்ணையில் படுத்துவிடுவார். 1974-இல் கடைகள் மூடப்பட்ட பிறகும் அவருக்கு எங்கிருந்தோ கிடைத்தது. 1976-இல் இறந்தார். அவர் குடித்ததை நாங்கள் ஒருமுறைகூடக் கண்ணால் கண்டதில்லை. அவர் குவளை எப்போதும் மறைவில் இருந்தது. குடித்தும் குடியாதவராய்த் தோன்ற அவர் பட்ட பாடு கொஞ்சமன்று.

அந்த நினைவிலே நாங்கள் ஆழ்ந்திருந்தபோது மகள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “அப்பா, அம்மா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே வந்தால் நானும் பாதிக் குவளை குடிப்பதுண்டு. இன்று உங்களுக்காகப் பழச்சாறு வாங்கிக்கொண்டேன். ஆனால் மறைப்பது பிடிக்கவில்லை.”

என்ன விடை சொல்வது? தில்லியில் அவளை வளர்த்தபோது, இது நம் வழக்கமில்லை என்ற ஒரு சொல்லே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. வழக்கம் என்பது விடையாகுமா? அதியமானோடு அவ்வையார் கள்ளருந்தியதைப் புறநானூறு மறைக்கவில்லை. பழந்தமிழர் வழக்கத்தைச் சான்றுக்கு அழைத்தால் அது எங்களுக்கு எதிராகவே பேசும். வள்ளுவரை அழைக்கலாம். அவ்வூரில் அவரை அழைப்பதற்கு உரிமையும் உண்டு. 1850-ஐ ஒட்டித் தமிழகத்துக்கு வந்து தமிழ் கற்று, 1856-இல் குறளை ஜெர்மன் மொழியில் வெளியிட்ட கார்ல் கிரவுல், தம் இறுதி ஆண்டுகளை எர்லாங்கனில் கழித்து, 1864-இல் அங்கேயே மறைந்தவர். அவருடைய இலத்தீன் குறள் அடுத்த ஆண்டு வெளிவந்தது. பீர் விழா நடக்கும் அந்தக் குன்றின் அடிவாரத்து ஊரில் கள்ளுண்ணாமை அதிகாரத்தோடு ஒரு மனிதர் வாழ்ந்திருக்கிறார் என்பதை எண்ண வியப்பாக இருந்தது.

அவ்வதிகாரத்தை வள்ளுவர் எங்கே வைத்தார் என்பதையும் எண்ணினோம். புலால் மறுத்தலை அறத்துப்பாலில் துறவறத்தில் வைத்தவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில், சூதுக்கு முன்னே வைத்தார். அங்கே அவர் கவலை பெரிதும் நாணத்தையும், தன்னைத் தான் அறியும் அறிவையும் பற்றியது. நாணம் ஒன்றே அளவுகோலாயின், தாயின் எதிரே, பேரனின் எதிரே, பட்டப்பகலில் குடிக்கும் அக்குன்றத்து மாந்தர் ஒருவகையில் தப்பிவிடுகிறார்கள்; திண்ணையில் படுத்த எங்கள் மூத்தவர்தாம் சிக்கிக்கொள்கிறார். ஆனால் அறிவு என்ற அளவுகோலும் இருக்கிறதே. மாலை ஏழு மணிக்குமேல் குன்றின் முகம் மாறியதையும் நாங்கள் பார்த்தோம். மேசைமேல் ஏறி நின்று கத்தியவர்கள், வேலியோரம் வாந்தியெடுத்த இளைஞன், அவனைத் தாங்கிப் பிடித்திருந்த இளம்பெண்ணின் அழுகை. அந்நாட்டில் பதினாறு வயது நிரம்பியவர் பீர் வாங்கச் சட்டம் இடந்தருகிறது. அந்த இளைஞனுக்கு அதற்குமேல் எத்தனை வயதிருக்கும் என்று சொல்ல இயலவில்லை. மறைவின்மை நல்லதுதான், எனினும் அது மட்டுமே ஒருவரையும் காத்துவிடுவதில்லை.

மகளிடம் தவறென்றும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை. எங்களுக்கு உடன்பாடில்லை, ஆனால் நீ சொன்னது எங்களுக்கு ஆறுதலாக இருக்கிறது என்றோம். அவள் சிரித்தாள், சற்றுக் கண் கலங்கினாள் என்றும் தோன்றியது. அன்று அவள் பழச்சாற்றையே முடித்தாள்.

குன்றிலிருந்து இறங்கும் பாதை நெருக்கமானது. எதிரே இன்னும் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் கைகோத்து நடந்தாள். பாதி வழியில், “அம்மா, பெரியப்பா எதனால் இறந்தார்? சேலம் வீட்டில் அவர் படம் மட்டும் இருக்கிறது, யாரும் பேசமாட்டீர்களே” என்று கேட்டாள். காய்ச்சல் என்றுதான் முப்பது ஆண்டுகளாக அவளிடம் சொல்லி வந்திருக்கிறோம். பாதையோரத்துச் சுவரில் சிறிது நேரம் அமர்ந்தோம். வெற்றிலையிலிருந்து தொடங்கிச் சொன்னோம்.