வெள்ளியும் தூசும்

கேரள-தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் குளத்தூர்ப் பக்கத்து வீடுகளில் பீரோவின் அடித்தட்டிலோ கட்டிலுக்கடியில் தள்ளிவைத்த தகரப்பெட்டியிலோ பழுப்பேறிய ஓர் உறை கிடக்கும். உள்ளே நறுக்கி வைத்த நெகட்டிவ் துண்டுகள். ஆல்பத்தைப் புரட்டாத விருந்தாளி இல்லை; அந்த உறையைப் பிரித்துப் பார்த்த விருந்தாளியும் இல்லை. பொழியூர்க் கடலின் உப்புக்காற்றும் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலமும் அதற்காகச் சும்மா இருக்குமா? பிலிமில் உள்ள ஜெலட்டின் பூஞ்சைக்கு நல்ல சாப்பாடு. பிலிமின் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டால், உறையைத் திறந்ததும் காடி நெடி முகத்தில் அடிக்கும். அந்த நெடி வந்த பிறகுதான் நமக்குப் பெரும்பாலும் ஞானமும் வருகிறது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் ஒரு பிலிம் ஸ்கேனர் வாங்கி வரச் சொல்கிறோம்.

கருவியைக் கையாளும் விதம் இன்று வீட்டில் கணினி உள்ள எவருக்கும் பழக்கம்தான். நாம் நின்று யோசிக்க வேண்டியது, திரையில் அது கேட்கும் ஒரு சின்னக் கேள்வியை: தூசும் கீறலும் நீக்கவா? 35 மி.மீ. படம் ஒன்றை அங்குலத்துக்கு 4000 புள்ளி வீதம் வாசித்தால் ஏறத்தாழ 2 கோடியே 14 லட்சம் புள்ளிகள் வருகின்றன. அத்தனைக்குள்ளும் தூசைக் கண்ணால் தேடி அழிக்க ஆயுள் போதாது. கை தானாகவே 'ஆம்' என்ற கட்டத்துக்குப் போகிறது. கருவி செய்வது எளிய தந்திரம். சாதாரண ஒளியோடு அகச்சிவப்புக் கதிரையும் ஒருமுறை பிலிமுக்குள் செலுத்திப் பார்க்கிறது. வண்ண நெகட்டிவில் படம் சாயத்தால் ஆனது. அகச்சிவப்பு அதைத் தடையின்றிக் கடந்து போய்விடும். தூசும் கீறலும் மட்டும் வழிமறிக்கும். மறித்த இடமெல்லாம் மாசு என்று முடிவுகட்டி, அக்கம்பக்கத்து நிறத்தைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. வளைகுடாப் பணத்தோடு நம் ஊருக்குள் வந்த வண்ணப் படங்களுக்கு இது ஒரு வரம்.

அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளைத் துண்டை, ஊட்டியில் செய்த 'இந்து' பிலிமோ வெளிநாட்டுப் பிலிமோ எதுவானாலும், வைத்து அதே கட்டத்தில் குறியிட்டால் கதை மாறுகிறது. அங்கே படமே வெள்ளித் துகள்களால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பை மறிக்கும், தூசும் மறிக்கும், கருவிக்கு இரண்டும் ஒன்றே. அம்மச்சியின் நரைமுடியையும் அதன்மேல் ஒட்டிய நூலிழையையும் ஒரே குற்றத்தின் பேரில் பிடித்து, இரண்டையும் சேர்த்து நிரவிவிடுகிறது. வெண்சட்டையின் மடிப்பு கரைகிறது; பல்வரிசை கலங்குகிறது. கறுப்பு வெள்ளைக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று கையேடு ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். எனக்கு அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. எதைக் கொண்டு ஒன்று உண்டாகியிருக்கிறதோ அதையே மாசு என்று கொள்ளும் கண்ணுக்கு, துப்புரவும் அழிப்பும் ஒரே செயல் அல்லவா?

அகச்சிவப்பை விட்டு, மென்பொருளே படத்தில் புள்ளி தேடி அழிக்கும் முறையும் உண்டு. அதன் விளைவை உச்சக்கடைப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்தேன். ஸ்டூடியோ மேசையில் குப்புறக் கிடந்து தலை தூக்கும் ஒரு குழந்தையின் படம். அந்தக் குழந்தை இன்று எண்பதை நெருங்கும் அம்மச்சி. திரையருகே குனிந்து பார்த்தவர் கேட்டார்: "கன்னத்துல வச்ச மையை எங்க மக்களே?" பேரன் தயங்கினான். "தூசுன்னு நெனச்சு அது எடுத்திட்டு அம்மச்சி." "தூசா? கண்ணேறு படாம இருக்க எங்கம்மை வச்சதாக்கும் அது."

அவன் உடனே பழையபடி ஸ்கேன் செய்தான். மை திரும்பி வந்தது. காரியம் ஒரு நிமிடத்தில் முடிந்தது என்றாலும் கேள்வி முடியவில்லை. பிள்ளை குறையில்லாமல் இருப்பதே ஆபத்து என்று அஞ்சி, ஒரு தாய் தன் விரலால் இட்ட குறை அது. குறையின்மையை இலக்காகக் கொண்ட கருவிக்கு அந்த அச்சத்தையும் அதற்குள் இருக்கும் அன்பையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரிய வழியில்லை. கன்னத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

கருவியை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் ஆகாது. நம் ஸ்டூடியோக்காரர்கள் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். டச்சிங் என்பார்கள். கூர்சீவிய பென்சிலால் நெகட்டிவின் மேல் மெல்ல மெல்லக் கோடிட்டுக் கருமை சேர்த்தால், பிரிண்டில் அந்த இடம் வெளுத்து வரும். கண்ணுக்குக் கீழ்ச் சுருக்கம், கழுத்துக் கறுப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக அம்மைத் தழும்பு. இந்தியாவில் பெரியம்மை 1975 வரை இருந்தது. அதற்கு முந்தைய தலைமுறையில் தழும்புள்ள முகங்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் பெண் பார்க்க அனுப்பிய படங்களில் தழும்பு இராது. ஆல்பத்தில் வழவழவென்று தெரிந்த அதே முகத்தின் நெகட்டிவைப் பெரிதாக்கிப் பாருங்கள். குழியும் தெரியும், குழியை மூடிய பென்சில் கீற்றுகளும் தெரியும். நோயை வென்ற ஒரு பெண்ணும், அவள் வென்றதை வெளியே சொல்ல வெட்கப்பட்ட ஒரு சமூகமும் ஒரே சதுரத்தில். பிரிண்ட் நமக்குக் காட்டியது அழகை. நெகட்டிவ் காட்டுவது அந்த அழகுக்குக் கொடுத்த விலையை. இதில் எதை நாம் தூசு என்று துடைப்பது?

ஓரங்களும் அப்படித்தான். படத்தைப் பெரிதாக்கும்போது மாப்பிள்ளையும் பெண்ணும் நடுவில் வர, வேண்டாத ஓரங்களை வெட்டிவிடுவார்கள். நெகட்டிவில் அந்த ஓரம் இன்னும் இருக்கிறது. பந்தல் கட்டியவர், பந்திக்கு இலை நறுக்கியவள், கூப்பிடாமல் வந்து எட்டிப் பார்க்கும் அயல்வீட்டுப் பிள்ளை. தெற்கு கொல்லங்கோட்டுக் கரையில் எடுத்த படமானால், பின்னாலிருந்த வீடுகளில் சிலவற்றை இன்று கடல் கொண்டுபோய்விட்டது. 2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கிப் புயலில் எங்கள் பொழியூரிலும் எல்லைக்கு அப்பால் நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களிலும் கடலுக்குப் போனவர்களை இழந்தோம்; எத்தனையோ பேரின் உடல்கூடக் கரை சேரவில்லை. அவர்களில் ஒருவர் யாரோ ஒருவருடைய கல்யாணப் படத்தின் ஓரத்தில், முகம் பாதி மறைந்து, நின்றுகொண்டிருக்கலாம். அந்தப் பாதி முகம் ஒரு வீட்டில் என்ன மதிப்புப் பெறும் என்பதை வெட்டியவர் அன்று அறிந்திருக்க முடியாது.

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆவணக் காப்புத் திட்டத்தின் துணையோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்மமாக்கி வைத்தது. பெரிய நிறுவனங்கள் செய்ய வேண்டிய வேலை, செய்தார்கள். நம் வீட்டு உறைகளுக்கு அப்படி யாரும் வரப் போவதில்லை. வருகிறவர்கள் பழைய எக்ஸ்ரே பிலிமை வெள்ளிக்காக எடைபோட்டு வாங்குகிறவர்கள் மட்டுமே. அவர்களுக்காவது அதில் வெள்ளி இருப்பது தெரிகிறது!

படத்தைக் கணினிக்குள் ஏற்றும் இந்தக் கலையின் தொடக்கமும் ஒரு குழந்தையின் முகம்தான். 1957இல் அமெரிக்கத் தரநிர்ணய அலுவலகத்தில் ரசல் கிர்ஷ் என்ற பொறியாளர், தாமும் தோழர்களும் அமைத்த ஸ்கேனரில் தம் மூன்று மாத மகன் வால்டனின் படத்தை வைத்தார். பக்கத்துக்கு 176 புள்ளி, மொத்தம் 30,976. ஒவ்வொரு புள்ளியிலும் கருவிக்குத் தெரிந்த விடை இரண்டே: கறுப்பு, அல்லது வெள்ளை. குறித்த ஓர் அளவுக்கு மேல் போனால் வெள்ளை, கீழே நின்றால் கறுப்பு. கன்னத்தின் வளைவையும் நிழலையும் அப்படிப் பிடிக்க முடியாது. எனவே அந்த எல்லை அளவை மாற்றி மாற்றி அதே படத்தைப் பலமுறை ஸ்கேன் செய்து ஒன்றன்மேல் ஒன்று சேர்த்தார்கள். சாம்பல் நிறம் பிறந்தது. ஒரு எல்லை பொய் சொல்லும், பல எல்லைகளைச் சேர்த்தால் மெய்க்கு நெருங்கலாம் என்று அவர்கள் முதல் படத்திலேயே கண்டுகொண்டார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் நம் மண்ணில் ஓர் எல்லை விழுந்தது. 1956 நவம்பர் 1. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிக் கேட்ட எங்கள் நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. அந்தப் போராட்டத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக்கு உயிர் கொடுத்தவர்கள் ஒரு மானத்துக்காகக் கொடுத்தார்கள். ஆட்சி நடக்க எல்லை வேண்டும், எல்லை எங்காவது விழுந்துதான் ஆக வேண்டும். ஆனால் எல்லைக்கு வேண்டிய விடை ஒற்றைச் சொல்: தமிழா, மலையாளமா? களியக்காவிளைச் சந்தையில் விலை பேசிவிட்டுப் பாறசாலையில் ரயில் ஏறுகிறவர்களிடம் இதைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடியும் வாக்கியம் எங்கள் வீடுகளில் அன்றாடம். சென்னையிலிருந்து வந்தவர் அதைக் கேட்டு மலையாளம் என்பார். கோட்டயத்திலிருந்து வந்தவர் தமிழ் என்பார். சுத்தமாகப் பேசுங்கள் என்று இருவருமே அறிவுரை சொல்வார்கள். அவர்கள் தூசு என்று காண்பது எங்களுக்கு வெள்ளி. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தெளிந்த படமாக இராது. முகமே இல்லாத படமாக இருக்கும்.

எல்லாத் தூசும் வெள்ளி என்று நான் சொல்ல வரவில்லை. பூஞ்சை பூஞ்சைதான், துடைக்காவிட்டால் படத்தைத் தின்றுவிடும். மரபு என்ற பேரில் சாதிக் கொடுமையை அப்படியே போற்றி வைக்க வேண்டும் என்று யாராவது வாதிட்டால் அதை ஏற்க மாட்டேன். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மாசு எது, பொருள் எது என்று பிரிக்கும் அறிவு ஒளியின் அளவில் இல்லை, ஒளியை அளக்கும் கருவியிலும் இல்லை. அந்தப் படத்தோடு வாழ்ந்து, அதிலுள்ளவர்களை நேசித்தோ வெறுத்தோ, அவர்களுடைய சோற்றை உண்டு அவர்களுடைய சாவுக்கு அழுதவர்களிடம் மட்டுமே அது இருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கும் எவருக்கும், அவர் எவ்வளவு நல்லெண்ணம் உடையவராயினும், பிறருடைய வாழ்க்கை புள்ளிகளாகவும் கறைகளாகவும்தான் தெரியும். அந்தக் கறைகளை நீக்கிக் கொடுப்பதே உதவி என்று அவர் நம்பவும் கூடும். நாமும் அப்படித்தான் நம் முன்னோரைத் துடைக்கிறோம். குடித்துச் சொத்தைத் தொலைத்த மாமா, சாதி விட்டுக் கெட்டிக்கொண்டு போன அத்தை, கடன் தீர்க்காமலே கண்மூடிய பாட்டா என்று ஒவ்வொருவராகக் கதையிலிருந்து விலக்கி, பிள்ளைகளுக்குப் பளபளப்பான ஒரு வம்சத்தைக் கொடுக்கிறோம். அதை வாங்கிக்கொண்ட பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு தழும்பைக் காணும்போது, இந்த வம்சத்தில் தாங்கள் மட்டுமே பழுதானவர்கள் என்று எண்ணித் தனித்துப் போகிறார்கள். மனிதன் தன் குறைகளைக் கழித்துவிட்டு எஞ்சும் தூய பொருள் அல்லன். அவனுடைய பொறுமை அவன் பட்ட காயத்தாலும், இரக்கம் அவன் செய்த பிழையாலும், மொழி அவன் கடந்த எல்லைகளாலும் ஆகியிருக்கின்றன என்பதால், அவனைக் காப்பது என்பது அவனைத் தூய்மையாக்குவதிலிருந்து வேறான ஒரு கடமை.

இந்தக் கடமை வீட்டுக் கணினியின் முன் மிகச் சிறிய வடிவில் வந்து நிற்கிறது. படம் சேமித்ததும் ஊர், மாநிலம், நாடு என்று கட்டங்களை நிரப்ப வேண்டும். சில மென்பொருள்களில் வரைபடத்தில் குளத்தூரைக் குறித்தால் போதும், கேரளம் என்று அதுவே எழுதிக்கொள்ளும். 1954இல் எடுத்த படத்துக்கு அது பொருந்தாது. அன்று இது திருவிதாங்கூர்-கொச்சி. சரி, அதையே எழுதலாம் என்றால், படத்தில் இருக்கும் பெண் விளவங்கோட்டிலிருந்து கெட்டி வந்தவள்; அவளுடைய பிறந்த வீட்டுக் கோப்புறை தமிழ்நாடு என்ற பெயரில் வேறொரு கணினியில் இருக்கிறது. இப்படி இரண்டு மூன்று படங்களோடு மல்லுக்கட்டிய பிறகு உச்சக்கடைப் பேரன் மாநிலம் என்ற கட்டத்தையே காலியாக விட்டுவிட்டான். கோப்புறைகளுக்கு அம்மச்சி சொல்லச் சொல்ல வீட்டுப்பெயர் இடுகிறான். இன்னார் விளை, இன்னார் விளாகம் என்று எல்லைக்கு இருபுறமும் ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்கள். தமிழிலும் மலையாளத்திலுமாக இரண்டு முறை தட்டச்சு செய்ய வேண்டியிருப்பதால் வேலை மெதுவாகவே நகர்கிறது.