தேற்றுபவரும் தேறுபவரும்

துயரத்தில் இருக்கும் ஒருவர் தமக்குத் தாமே ஆறுதல் சொல்லிக்கொள்ளும்போது பேசுபவர் யார், கேட்பவர் யார் என்ற வினா முதற்பார்வைக்குச் சொற்சிலம்பம் போலத் தோன்றலாம். ஆயினும், பேசுபவரும் கேட்பவரும் ஒருவரே என்றால் அவரிடம் இல்லாத ஆறுதலை அவரே எவ்வாறு வழங்க இயலும் என்பதும், இருவர் என்றால் ஓர் உள்ளத்துக்குள் அந்த இரண்டாமவர் எங்கிருந்து வந்தார் என்பதும் எளிதில் ஒதுக்கிவிடக்கூடியவை அல்ல. இக்கால உளவியல் நூல்கள் ‘நேர்மறைத் தற்பேச்சு’ என்று குறிப்பிடும் பழக்கம், அதாவது அச்சமோ சோர்வோ சினமோ மேலெழும் வேளையில் ஊக்கமூட்டும் சொற்களைத் தனக்குள் சொல்லி அவ்வுணர்ச்சியைத் தணிக்க முயலும் பழக்கம், இவ்வினாவைப் பெரும்பாலும் எழுப்பாமலே கடந்துவிடுகிறது. அதை நேர்நின்று எதிர்கொண்டவர்களுள் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர் நான்காம் நூற்றாண்டின் கிறித்தவத் துறவி எவாக்ரியஸ்.

கருங்கடலின் தென்கரையை ஒட்டிய பொந்துஸ் பகுதியில் பிறந்த எவாக்ரியஸ், கான்ஸ்டாண்டிநோபிளில் நசியான்சஸ் கிரகோரியிடம் திருத்தொண்டராக இருந்து சொல்வன்மையால் பெயர்பெற்றவர். உயர்குடியைச் சேர்ந்த மணமான பெண் ஒருவர்மீது எழுந்த காதலிலிருந்து தப்பும்பொருட்டுத் தலைநகரைவிட்டு வெளியேறிய அவர், எருசலேம் வழியாக எகிப்தின் பாலைவனத்தை அடைந்து, 399இல் இறக்கும்வரை நித்ரியா, கெல்லியா ஆகிய துறவியர் குடியிருப்புகளில் வாழ்ந்தார். துறவியைத் தாக்கும் தீய எண்ணங்களை எட்டாக வகுத்தவர் அவர். பிற்காலக் கிறித்தவம் பேசும் தலையான பாவங்கள் ஏழின் பட்டியல் இவ்வெட்டிலிருந்து கிளைத்ததே. அவற்றுள் மிகக் கடுமையானது என அவர் கருதியது ‘அகேதியா’ என்னும் கிரேக்கப் பெயருடைய மனநிலை. செய்யும் செயலிலும் இருக்கும் இடத்திலும் பற்று அற்றுப்போய், சலிப்பும் அமைதியின்மையும் ஒருசேர வந்து கவியும் நிலை அது. காலை பத்து மணியளவில் தொடங்கிப் பிற்பகல் இரண்டு மணிவரை துறவியைச் சூழ்ந்துகொள்வதால் அதை நண்பகற்பேய் என்றும் அழைத்தனர். அந்நேரத்தில் கதிரவன் நகர மறுப்பதாகவும் பகல் ஐம்பது மணிநேரமாக நீண்டுவிட்டதாகவும் துறவிக்குத் தோன்றும், யாரேனும் வருகிறார்களா என்று கண் வெளியே அலையும், கைத்தொழில் கசக்கும், உடன் வாழ்வோரிடம் அன்பு வற்றிவிட்டது என்றும், வேறோர் இடத்துக்குப் போய்விட்டால் இதைவிட எளிதாகக் கடவுளுக்கு உகந்தவனாக வாழலாம் என்றும் உள்ளம் கணக்கிடும். அலுவலக நாற்காலியில் பகற்பொழுதைக் கழிப்போர் பலருக்கும் இந்த விவரிப்பு புதியதாக இராது.

இந்நிலைக்கு எவாக்ரியஸ் சொல்லும் மருந்து வியப்புக்குரியது. கண்ணீரோடு ஆன்மாவை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதியைத் தேற்றுவதாகவும் மறுபாதியைத் தேற்றப்படுவதாகவும் ஆக்கிக்கொண்டு, விவிலியத்தின் 42ஆம் திருப்பாடலை எழுதியவர் தம் ஆன்மாவை நோக்கி அது ஏன் தளர்ந்திருக்கிறது என்று வினவி, கடவுளிடம் நம்பிக்கை வைக்குமாறு சொல்லும் அச்சொற்களையே துறவியும் சொல்லவேண்டும் என்கிறார் அவர். இந்தச் சிறு அறிவுரையில் இரண்டு செய்திகள் பொதிந்துள்ளன. ஒன்று, கண்ணீர் விலக்கப்படவில்லை; துயரப்படும் பாதியை வாயடைக்கச் செய்துவிட்டு மற்றப் பாதி மட்டும் மகிழ்ச்சியாகப் பேசும் ஏற்பாடு இங்கே இல்லை. மற்றொன்று, தேற்றும் பாதி சொல்லும் சொல் அதனுடைய சொந்தச் சொல் அன்று. முன்னொருவர் தம் துன்பத்தில் சொல்லி வைத்த சொல்.

இரவல் சொல் ஏன் வேண்டும் என்பதற்கு அவருடைய மற்றொரு நூல் விடையளிக்கிறது. தீய எண்ணங்களுக்கு எதிருரை தரும் அந்நூலின் கிரேக்க மூலம் அழிந்துவிட, சிரியாக் மொழிபெயர்ப்பின் வழியே அது எஞ்சியிருக்கிறது. எட்டு எண்ணங்களுக்கு எட்டுப் பகுதிகள். ஏறத்தாழ 500 பதிவுகள். ஒவ்வொன்றிலும் முதலில் எண்ணம் எந்த வடிவில் வந்து பேசுகிறது என்ற குறிப்பு, அடுத்து அதற்கு மறுமொழியாகச் சொல்லத்தக்க விவிலிய வாசகம். பாலைவனத்தில் சோதிக்கப்பட்ட இயேசு மறைநூல் வாசகங்களாலேயே சாத்தானுக்கு விடை கூறியதை அவர் முன்மாதிரியாகக் கொண்டார். இதன் அடியில் உள்ள உளநூல் நுட்பம் கவனிக்கத்தக்கது: சோர்வு ஒருவரைப் பற்றும்போது அது அவருடைய அறிவுக்கு வெளியே நிற்பதில்லை, அவர் எவ்வளவு கூர்மையானவரோ அவ்வளவு கூர்மையாக அச்சோர்வும் வாதாடும், எனவே அவ்வேளையில் அவர் புதிதாக ஆக்கும் ஆறுதலிலும் அதன் சாயல் படிந்தே வரும். தெளிந்த பொழுதில் தேர்ந்தெடுத்து வைத்த சொல்லுக்கு அக்குறை இல்லை. எண்ணங்கள் வந்து தொல்லைப்படுத்துவதும் படுத்தாதிருப்பதும் மனிதரின் கையில் இல்லை, அவை தங்குவதும் தங்காதிருப்பதுமே அவர் கையில் உள்ளன என்று எவாக்ரியஸ் வேறோர் இடத்தில் வரையறுப்பதால், துயரமே தோன்றாத உள்ளத்தை அவர் வாக்களிக்கவும் இல்லை.

ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு பிரான்சில் எமில் கூவே (1857–1926) என்னும் மருந்தாளுநர் பரப்பிய முறை வெளித்தோற்றத்தில் இதை ஒத்திருக்கிறது. தாம் நாள்தோறும் எல்லா வகையிலும் மேம்பட்டு வருவதாகக் கூறும் ஒரே வாசகத்தை, இருபது முடிச்சுகள் இட்ட கயிற்றைக் கைவிரலால் எண்ணியபடி, துயிலெழும்போதும் துயிலச் செல்லும்போதும் முணுமுணுக்குமாறு அவர் கற்பித்தார். செபமாலை அப்படியே இருக்க, செபம் மட்டும் மாறிவிட்டது என்று இதைச் சொல்லலாம். நான்சி நகரில் தம்மை நாடி வந்தோருக்குக் கட்டணமின்றி உதவிய கூவேயின் நல்லெண்ணத்தில் ஐயம் கொள்ள இடமில்லை. ஐயம் அவருடைய வாசகத்தைப் பற்றியது. துறவியின் எதிருரை துன்பத்தை ஒப்புக்கொண்டு அதனோடு வழக்காடுகிறது; கூவேயின் வாசகமோ துன்பம் குறைந்துவருவதாக அறிவித்துவிடுகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் உட்டும் அவருடன் பணியாற்றியோரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இவ்வேறுபாட்டின் விளைவைக் காட்டியது. தாம் அன்புக்குரியவர் என்ற வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்களுள், தன்மதிப்பு மிக்கவர்கள் சிறிதளவே பயனடைந்தனர். தன்மதிப்பு குறைந்தவர்களோ, அதாவது அவ்வாசகம் யாருக்காகப் பரிந்துரைக்கப்படுகிறதோ அவர்களே, அதைச் சொல்லாதவர்களைவிட மனம் தாழ்ந்தனர்.

இதற்குரிய காரணம் தற்பேச்சின் அமைப்பிலேயே இருக்கிறது. பிறரிடம் சொல்லும் ஆறுதலில் சற்றே மிகைப்படுத்தலாம். கேட்பவர் அறியாத ஒன்றைச் சொல்பவர் மறைத்தும் வைக்கலாம். தனக்குத் தானே சொல்லும்போது கேட்பவர் அனைத்தையும் முன்னமே அறிந்தவர். அவருக்கு மறைத்து எதையும் சொல்ல இயலாது. அறிந்தே சொல்லும் பொய்க்குத் தண்டனை தருவது அவரவர் உள்ளமே என்று வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் கொண்ட கருத்து அறத்தைப் பற்றியது மட்டுமன்று. உள்ளத்தின் இயல்பைப் பற்றியதும் ஆகும். ஆகவே உள்ளத்தைத் தேற்ற விரும்பும் சொல் அவ்வுள்ளம் ஏற்கெனவே உண்மை என அறிந்து, துயரத்தால் தற்காலிகமாக மறந்துபோன ஒன்றை நினைவூட்டுவதாகவே இருக்க முடியும். கூவேயின் பிழை நம்பிக்கையாகப் பேசியதில் இல்லை. கேட்பவர் அது மெய்யா என்று சோதித்துப் பார்ப்பார் என்பதை மறந்ததில் இருக்கிறது.

ஸ்தோயிக் மெய்யியலைப் பின்பற்றிய ரோமானியப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் (ஆட்சிக்காலம் 161–180) தமக்காகவே கிரேக்கத்தில் எழுதிவைத்த குறிப்புகள் இதற்குத் தக்க சான்று. நிகழ்வுகள் மனிதரை வருத்துவதில்லை, அவற்றைப் பற்றி மனிதர் கொள்ளும் தீர்ப்புகளே வருத்துகின்றன என்பது அம்மெய்யியலின் அடிப்படைக் கொள்கை. கொள்ளைநோய் பரவிய காலத்தில், தன்யூபு எல்லைப் போர்களுக்கு இடையே, பிள்ளைகள் பலரைச் சிறுவயதிலேயே இழந்த அந்த அரசர், காலையில் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளப் பரிந்துரைப்பது இன்றைய நாள் இனிய நாள் என்பதை அன்று. தலையிடுவோரையும் நன்றி கெட்டவரையும் செருக்கரையும் வஞ்சகரையும் இன்று சந்திக்க நேரும் என்பதையே. இதை நேர்மறை என்று அழைக்க இன்றைய பயிற்சியாளர் எவரும் துணியமாட்டார். ஆனால் அக்குறிப்பு அங்கே நிற்பதில்லை: அவர்கள் நன்மை தீமை அறியாமையால் அவ்வாறு ஆயினர், அவர்களும் தம் உறவினரே, இரு கைகளைப் போலவும் இரு வரிசைப் பற்களைப் போலவும் ஒன்றோடொன்று இணைந்து இயங்கப் படைக்கப்பட்டவர்களே என்று தொடர்கிறது. கசப்பை முதலில் சொல்லிவிட்டதால்தான் பின்னர் வரும் பரிவுக்கு உள்ளம் மறுப்புச் சொல்வதில்லை.

தமிழ் மரபில் இவ்வுரையாடல் இலக்கணத்திலேயே இடம்பெற்றது. ஞாயிறு, திங்கள், கடல், மரம், பறவை முதலியவற்றோடு நெஞ்சையும் சேர்த்து, அவை பேசுவன போலவும் கேட்பன போலவும் அமைத்துப் பாடலாம் என்று தொல்காப்பியச் செய்யுளியல் விதிக்கிறது. காமத்துப்பாலில் நெஞ்சொடு கிளத்தல், நெஞ்சொடு புலத்தல் என இரண்டு அதிகாரங்கள் உள்ளன. எவாக்ரியஸின் தேற்றப்படும் பாதி அழுதபடி கேட்டுக்கொண்டிருக்க, சங்கப் பாலைப் பாடல்களின் நெஞ்சு எதிர்வாதம் செய்கிறது. பொருள் தேடப் புறப்படுமாறு தலைவனைத் தூண்டுவதும் அதுவே, பாதிவழியில் அவனை விட்டுத் தலைவியிடம் திரும்பி ஓடுவதும் அதுவே. சமய இலக்கியத்தில் இந்நெஞ்சு பணியாள் ஆகாமல் துணை ஆகிறது: நம்மாழ்வாரின் பெரிய திருவந்தாதி தமக்கு முன்னே விரைந்து எழுந்துவிட்ட நெஞ்சை விளித்தே தொடங்குகிறது, சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கனுள் ஒன்றான நெஞ்சுவிடு தூதில் உமாபதி சிவாசாரியார் அதையே தூது அனுப்புகிறார். நெஞ்சைக் கடிந்துரைக்கும் பாடல்களும் ஏராளம். பௌத்தத்தின் தேரகாதையில் முன்னர் நாடகக் குழுத் தலைவராக இருந்து துறவியான தாலபுடர் தம் சித்தத்தை நீண்ட பாடலில் இடித்துரைப்பதும் இவ்வகையே. எனினும் இம்மரபுகளில் கடிதல் என்பது உறவை முறிக்காத கடிதல். நெஞ்சுக்கு மறுமொழி சொல்லும் உரிமை பெரும்பாலும் பறிக்கப்படுவதில்லை.

தன்னை ‘நான்’ என்று சொல்லாமல் முன்னிலையாகவோ பெயர் சொல்லியோ விளித்துப் பேசுவோர் பதற்றமான சூழலில் கூடுதல் நிதானத்துடன் செயல்படுகின்றனர் என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஆன்மாவைப் பகுத்துக்கொள்ளச் சொன்ன அறிவுரைக்கு இது ஓரளவு துணை நிற்கிறது. ஆனால் பகுத்தபின் சொல்லவேண்டியது என்ன என்பதை அவ்வாய்வு சொல்லவில்லை, சொல்வது அதன் வேலையும் அன்று.

தேற்றும் பாதி எங்கிருந்து வந்தது என்ற தொடக்க வினாவுக்கு ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி தரும் விடை, குழந்தை முதலில் பிறரோடு பேசி, பின் உரக்கத் தனக்குத் தானே பேசி, அதன்பின்னரே அப்பேச்சை உள்ளுக்குள் வாங்கிக்கொள்கிறது என்பதாகும். அவ்வாறாயின் தற்பேச்சு என்பது தனிமையின் ஆக்கம் அன்று. பிறர் ஒருகாலத்தில் சொன்னதன் எச்சம். பரிவான சொல்லைப் பிறரிடம் கேட்டறியாதவருக்கும், நோயாகவே முற்றிவிட்ட மனச்சோர்வில் தேற்றும் பாதி பேச்சிழந்துபோனவருக்கும், உனக்கு நீயே ஆறுதல் சொல்லிக்கொள் என்ற அறிவுரை கைகொடுக்காததன் காரணமும் இதுவே; அவர்களுக்கு வேறொருவரின் குரல், தேவைப்படின் மருத்துவரின் குரல், முதலில் வேண்டும். எகிப்தியப் பாலைவனத்தின் இளந்துறவியர் மூத்தோரைத் தேடிச் சென்று தமக்கு ஒரு சொல் தருமாறு வேண்டுவது வழக்கமாக இருந்தது. போராட்ட வேளையில் உரிய வாசகம் மறைநூலில் எங்கோ சிதறிக் கிடந்து கைக்கு எட்டாமல் போவதால்தான் தொகுத்துத் தருவதாக எவாக்ரியஸும் தம் எதிருரை நூலின் முன்னுரையில் கூறுகிறார். தமக்காகவே எழுதிக்கொண்ட மார்க்கஸ் அவுரேலியஸின் குறிப்புகளில் முதற்பகுதி முழுவதும், பாட்டனாரிடமிருந்தும் தாயிடமிருந்தும் ஆசிரியர்களிடமிருந்தும் தாம் பெற்றவை எவை என்ற கணக்காகவே அமைந்திருக்கிறது.