காணப்படாத காரணிகள்

67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 147573952589676412927 என்னும் 21 இலக்க எண் கிடைக்கிறது. பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென் 1644இல் இதைப் பகா எண்களின் வரிசையில், அதாவது ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாதவற்றின் வரிசையில், சேர்த்தார். 1876இல் எடுவார்ட் லூக்காஸ் இது பகு எண்ணே என நிறுவினார். ஆனால் பகா எண் ஒன்று நிறைவு செய்தாக வேண்டிய நிபந்தனையை இது மீறுகிறது என்று மட்டுமே அவர் காட்டியதால், காரணிகள் உண்டு என்பது உறுதியாகியும் அவை எவை என்பது புலப்படவில்லை. 1903இல் பிராங்க் நெல்சன் கோல் அவற்றை, 193707721, 761838257287 என, அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில் முன்வைத்தார்.

இடைப்பட்ட 27 ஆண்டுகளில் அவ்விரு எண்களும் காரணிகளாக இருந்தனவா? எண்களைக் காலத்துக்கும் மனத்துக்கும் அப்பாற்பட்ட மெய்ம்மைகளாகக் கொள்ளும் பிளேட்டோ மரபினர் ஆம் என்பர். கணிதப் பொருள்களை மனத்தின் ஆக்கங்களாகக் கருதிய டச்சுக் கணிதவியலாளர் பிரௌவரின் உள்ளுணர்வுவாதம், ஆக்கிக் காட்டப்படாததை உண்டு எனச் சொல்லத் தயங்குவது. எனினும் அதுவும் இங்கே லூக்காஸை மறுப்பதில்லை, ஏனெனில் சிறிய எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கும் வேலை எவ்வளவு நீண்டாலும் முடிவுடையது. ஆனால் எவரும் செய்திராத அவ்வேலையைச் செய்ய இயலும் என்ற ஆற்றலை எந்த மனத்தின் மீது ஏற்றுவது? எல்லா எண்களையும் இறைவன் அறிவான் என்று வாதிட்ட அகஸ்டீனுக்கு இவ்விடர் இல்லை; மனித மனத்தோடு நின்றுவிடும் கொள்கைக்கோ இது தீராத இடர். கோல் கண்டறிந்தார், உண்டாக்கவில்லை என்பதே பொருந்தும்: இவ்வெண்ணைப் பகுக்க வேறு பகா எண்கள் எவருக்கும் கிடைத்திருக்க இயலாது.