சிரமதானமும் சபையின் பாதீடும்

கொடாதிருக்கவும் உரிமையுள்ளவன் மனமுவந்து கொடுப்பதே தானம். மலையகத் தோட்டங்களின் சிரமதானத்தை இவ்வளவுகோலால் நோக்கின், அதனைத் தானமெனக் கூறத் தயக்கமே தோன்றும்.

அட்டன் பகுதியில் லயங்களுக்குச் செல்லும் பாதைகள் மழையில் அரிக்கப்படுகின்றன. ஞாயிறன்று மண்வெட்டியும் கூடையுமாக இளைஞர் கூடிக் குழிகளை நிரப்புவர். வாரமெல்லாம் கொழுந்தெடுத்த பெண்களும் கல் சுமப்பர். போற்றத்தக்கதே, ஆயின் அக்கடமை யாருடையது?

1930களின் பிற்பகுதியில் கிராமச் சங்க வாக்குரிமை தோட்டத் தொழிலாளருக்கு மறுக்கப்பட்டது. பிற்காலத்தே குடியுரிமை பெற்றோர் பிரதேச சபைகளுக்கு வாக்களித்தனர், உறுப்பினராயும் அமர்ந்தனர். எனினும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதி தோட்டத்துக்குட் செல்வதற்குத் தடையாக நின்றது. தாம் பிறந்த லயத்துக்கு ஒரு வடிகால் அமைக்கவும் இயலாத உறுப்பினர்! அந்நாட்களிற் சிரமதானம் பெயரில்லா வரியாகவே இருந்தது.

2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தடையை நீக்கியது. அவ்வாண்டுத் தேர்தலில் அம்பகமுவ, நுவரெலியா என்னும் இரு பிரதேச சபைகள் ஆறாகப் பிரிந்திருந்தன. ஆயினும் செலவிடலாம் என்பது வேறு. செலவிட வேண்டும் என்பது வேறு.

இனிச் சிரமதானத்தைக் கைவிடுக என்பாருளர். அவ்வாறாயின் முதலில் வழுக்கி விழுபவர், நோயாளியைச் சுமந்து வருபவரேயன்றிச் சபையோர் அல்லர். ஆதலின் வேலை நடக்கட்டும், ஆனால் கணக்கிடப்படட்டும். எத்தனை பேர், எத்தனை நாள், எப்பாதை என்பதை எழுதி, கூலி மதிப்புடன், பாதீடு வரையப்படும் மாதத்திற் சபையின் மேசைமீது வைத்தல் வேண்டும்.