பெருமைப்பட ஒன்றுமில்லாத சுவர்

கிள்ளானிலிருந்து பஸ் எடுத்து எங்கள் இளைஞர் கிளை கோலாலம்பூரைச் சுற்றிப் பார்க்கப் போனது. டத்தாரான் மெர்டேக்கா, சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், மகாமாரியம்மன் கோயில், மதியம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. புடு சிறை வந்தபோது மட்டும் பஸ் நிற்கவில்லை. "அதோ, பழைய ஜெயில் கேட்" என்றார் வழிகாட்டி அண்ணன். பாதிப் பேர் பக்கத்திலிருந்த பேரங்காடியைத்தான் பார்த்தோம்.

1895-ல் கட்டி முடித்த சிறை அது. கைதிகளை வைத்தே கட்டினார்கள். எக்ஸ் வடிவம், நடுவில் நின்றால் நாலு பக்கமும் கண்காணிக்கலாம். பொறியியல் மாணவனாக நல்ல வடிவமைப்பு என்றுதான் சொல்வேன், உள்ளே இருந்தவனைக் கேட்காதவரை! 1996-ல் மூடினார்கள். 2010-ல் சாலையை அகலப்படுத்தச் சுவரை இடித்தார்கள். 2012 முடிவதற்குள் உள்கட்டடங்களும் போயின. வாசல்தான் மிச்சம். ஏன் பாரம்பரியச் சின்னமாக வைத்திருக்கவில்லை என்ற கேள்விக்கு, பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை என்று நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார் அன்றைய துணை நிதியமைச்சர் அவாங் அடெக் ஹுசின்.

இந்தப் பதில்தான் என்னை உறுத்துகிறது. பெருமைதான் அளவுகோலா? சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் 1897-ல் முடிந்தது. அதே ஆட்சி, ஏறக்குறைய அதே வருஷங்கள். ஒன்றின் முன்னால் செல்ஃபி எடுக்கிறோம், இன்னொன்றை இடித்துவிட்டோம்.

புடுவில் 1949 மே 4-ம் தேதி தூக்கிலிடப்பட்டவர் எஸ்.ஏ. கணபதி. தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழர். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். அவசரகாலச் சட்டத்தில், துப்பாக்கி வைத்திருந்தார் என்பது வழக்கு. நேரு அரசாங்கம் கேட்டும் தண்டனை நிற்கவில்லை. நம்ம வயசுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

"சரி, கணபதியை நினைக்கலாம். ஆனா பொட்டாக் சின் மாதிரி கொள்ளைக்காரனையும் 1981-ல் அங்கேதானே தூக்கில் போட்டாங்க? அவனுக்குமா நினைவிடம்?" என்று கிளையில் ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. நம் வீட்டுத் திதியை யோசித்துப் பாருங்கள். குடித்தே சொத்தை அழித்த தாத்தாவுக்கும் எள்ளும் தண்ணீரும் விடுகிறோம். நல்லவரா என்று கேட்டுவிட்டா விடுகிறோம்? தர்ப்பணத்தில், யாருமே இல்லாமல் செத்தவர்களுக்கும் ஒரு கை நீர் உண்டு. நினைப்பது வேறு, புகழ்வது வேறு. பெருமை தருகிறவர்களை மட்டும் நினைப்போம் என்றால் அது கணக்குப் பார்க்கிற அன்பு.

வேடிக்கை பார்க்கிற ஆபத்தும் உண்டு. தூக்குமேடை முன்னால் சிரித்துக்கொண்டு படம் எடுப்பதைவிட இடித்ததே மேல் என்பவர்களை என்னால் முழுசாக மறுக்க முடியவில்லை. ஆனால் பார்க்கிறவன் சரியில்லை என்றால் திருத்த வேண்டியது பார்வையைத்தானே, எதுக்குச் சுவரை?

அடுத்த முறை பஸ் வேண்டாம். கிள்ளானிலிருந்து கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து மோனோரயில். துன் சம்பந்தன் நிலையம் தாண்டி, மகாராஜாலேலா, அடுத்தது ஹங் துவா. இறங்கினால் வாசல் நடக்கிற தூரம்தான்.