குளத்தை எப்போது மூடுவது?

அமெரிக்காவின் வடகிழக்கில் கொல்லைப்புற நீச்சல் குளம் வைத்திருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு வருஷா வருஷம் வரும் கேள்வி இது. வழக்கம் ஒரு தேதி தருகிறது: செப்டம்பர் முதல் திங்கள், தொழிலாளர் தினம். லீவு முடிஞ்சது, மூடிடலாம். ஆனால் தண்ணீருக்குக் காலண்டர் தெரியாது. அது ஏறக்குறைய 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால்தான் பாசி நன்றாக அடங்கும். வெதுவெதுப்போடு மூடினால் வசந்தத்தில் பச்சைக் குழம்பு காத்திருக்கும். ரொம்பத் தள்ளிப்போட்டால் உறையும் நீர் சுமார் 9 சதவீதம் விரிந்து குழாயைப் பிளந்துவிடும்.

நடுவில் சில வாரங்கள். ஒரு மணலை எடுத்தால் குவியல் குவியலாகவேதான் இருக்கும் என்கிற பழைய கிரேக்கப் புதிர் இங்கே உயிரோடு இருக்கிறது. "இன்னும் ஒரே ஒரு நாள்" என்பதை மறுக்க எந்த நாளிலும் காரணம் கிடைக்காது. யாரும் இறங்காத குளத்துக்கு மோட்டார் ஓடுது, இலை அள்ளுறோம். மூடினால் கோடை முடிஞ்சதுன்னு ஒத்துக்கணுமே!

மூடுகிற வேலையைக் கவனித்தால் எல்லாமே அடுத்த மே மாதத்துக்கானது: மருந்து கலப்பது, குழாயில் காற்றடித்து நீரை வெளியேற்றுவது, உறை போடுவது. கைவிடுகிறவர் குளத்தை மூடமாட்டார். அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்.

அதனால் ஆசை குறுக்கே வருவதற்கு முன், ஆகஸ்ட்டிலேயே முடிவெடுத்துவிடுகிறேன்: தண்ணீர் தொடர்ந்து ஒரு வாரம் 60க்குக் கீழே இருந்தால் மூடல். அதற்குப் பிறகும் நல்ல வெயிலோடு ஒரு ஞாயிறு வரத்தான் செய்யும். அந்த ஞாயிறுதான் நான் கொடுக்கிற விலை.