குருதிக்கு உரியவர் யார்?

கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் குடியினர், நீரிழிவின் காரணத்தை அறியும்பொருட்டு 1990 முதல் தாம் அளித்த இரத்தம், தம் அனுமதியின்றி மனநோய், மூதாதையரின் குடிப்பெயர்ச்சி முதலிய பிற ஆராய்ச்சிகளுக்கும் பயன்பட்டதை அறிந்து கொதித்து வழக்காடி, 2010-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு கண்ட உடன்பாட்டினால் அவ்விரத்தத்தைத் திரும்பப் பெற்றனர். குருதியில் உறையும் மரபணு முன்னோரின் தானமும் பிறவாத சந்ததியின் பிதிரார்ஜிதமும் ஆதலால், தனியொருவரின் கையொப்பம் மட்டுமே போதுமென்பது எனக்குத் தர்மமாகத் தோன்றவில்லை. ஆராய்ச்சியை முற்றும் மறுத்தாலோ, பிறர் உடலை அளவுகோலாக்கி எழுந்த மருத்துவமே அம்மக்களுக்கு எஞ்சும், அதுவும் அநீதியே.

இத்தர்மசங்கடத்தின் நடுவில்தான், ஆஸ்திரேலியாவின் யூயின் ஆதிக்குடியில் தோன்றிய மருத்துவரும், ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் தம்மவரின் இருதயநோயை ஆராய்ந்தவருமான அலெக்ஸ் பிரௌன், மரபணு விஞ்ஞானத்தின் பயனும் ஆளுகையும் ஆதிக்குடிகளிடமே இருத்தல்வேண்டுமென்ற சங்கற்பத்தோடு பணியாற்றி வருகிறார்.